மழைத் தண்ணீரில் கழுவிய ரேடியோ

போன மாரியில் எங்கள் வீட்டுக் குசினி வரைக்கும் வெள்ளம் வந்தது. முழங்கால் அளவுதான். முரசுமோட்டையில் பிறந்தவளுக்கு முழங்கால் வெள்ளமெல்லாம் ஒரு வெள்ளமா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். இடுப்பளவு தண்ணீரில் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போன ஆட்கள் நாங்கள். ஆனால் குசினி மூலையில் நின்ற வோஷிங் மெஷின் எங்களைப் போலப் பழகியதல்ல. வெள்ளம் வடிந்த பிறகு பட்டனை அழுத்தினால் ஒரு விளக்கு மட்டும் இரண்டு தரம் மினுங்கும், பிறகு பேச்சு மூச்சில்லை.

பரந்தனில் இருந்து மெக்கானிக் வந்தார். பின்பக்கத்தைக் கழற்றி, உள்ளங்கை அகலத்தில் பச்சைத் தகடு ஒன்றை வெளியே எடுத்தார். அதில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அக்கா, பில்டர் தண்ணி இருக்கோ?" என்று கேட்டார். நான் தம்ளரில் வார்த்துக் கொண்டுவந்து நீட்டினேன்.

"குடிக்கிறதுக்கில்லை அக்கா. இதைக் கழுவ. கிணத்துத் தண்ணி சரிவராது."

எங்கள் வீட்டுக்காரர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "தண்ணி பட்டுப் பழுதானதைத் தண்ணியாலையோ கழுவுறது? நீர் உண்மையிலை வேலை படிச்சனீரோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் கேட்ட கேள்வியை ஐம்பது வருடங்களுக்கு முன் எங்கள் ஐயா அதே முறைப்போடு கேட்டதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். அந்த மெக்கானிக் போன பிறகும் அன்று முழுவதும் எனக்கு அந்தப் பழைய மார்கழிதான். உங்களுக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது? பிள்ளைகளுக்குச் சொன்னால் ரேடியோவுக்கு ஏன் இவ்வளவு சண்டை என்று கேட்கும்.

மிளகாய்க்கு நல்ல விலை போன அந்த இரண்டு மூன்று வருடங்களை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். முற்றம் முழுக்கச் செத்தல் மிளகாய் காயும். நாய்கூடத் தும்மும். தும்மித் தும்மியே எங்கள் பக்கத்துக் கமக்காரர் கொஞ்சம் நிமிர்ந்த காலம் அது. சிலர் உழவு மெஷின் வாங்கினார்கள். சிலர் கல்வீடு கட்டினார்கள். எங்கள் ஐயா ஒரு ரேடியோ வாங்கினார்.

அதற்குக் காரணம் இருந்தது. எங்கள் சனம் முழுக்க யாழ்ப்பாணத்தில். ஐயாவும் அம்மாவும் குடியேற்றக் காணி கிடைத்து இங்கே வந்து காடு வெட்டியவர்கள். பெரியப்பா இறந்தபோது தந்தி மூன்றாம் நாள்தான் எங்கள் கைக்கு வந்தது. ஐயா யாழ்ப்பாணம் போனபோது தன் அண்ணனின் சாம்பலும் கடலில் கரைத்தாகிவிட்டது. திரும்பி வந்தவர் ஒரு கிழமை யாரோடும் கதைக்கவில்லை. அதன் பிறகுதான் ரேடியோ. அது பாட்டுக் கேட்க அல்ல. மரண அறிவித்தல் கேட்க. காலையில் அறிவித்தல் தொடங்கினால் வீட்டில் ஒருவரும் இருமவும் கூடாது. பெயர், ஊர், இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை என்று அந்தக் குரல் வாசித்துக்கொண்டு போகும். ஐயா தலையைச் சரித்து நின்று கேட்பார். எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லையென்றால், "சரி, தேத்தண்ணியைக் கொண்டா" என்பார். எங்கள் வீட்டில் காலைத் தேத்தண்ணி மற்றவர் சாவுக் கணக்கு முடிந்த பிறகுதான்.

ரேடியோவுக்கு மண்ணிறத் தோல் உறை. முன்பக்கத்தில் சல்லடை போலத் துளைகள். அந்தத் தோலின் மணம் எனக்கு இப்போதும் மூக்கில் நிற்கிறது. புதுச் செருப்பின் மணமும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் கலந்த மணம். அதை வைக்க வீட்டில் ஒரே ஒரு பலகைத் தட்டுத்தான் இருந்தது. அது சாமித் தட்டு. ஒரு பக்கம் எங்கள் அம்மன், அம்மாளாச்சியின் படம், நடுவில் விளக்கு, மற்றப் பக்கம் ரேடியோ. இந்த ஒழுங்கு எவ்வளவு பெரிய பிழை என்று அன்று எவருக்கும் தெரியாது.

அம்மாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். கடல் தண்ணீரில் அம்மாளாச்சிக்கு விளக்கு எரிகிற பூமியில் வாழ வந்தவர் அவர். வைகாசிப் பொங்கலுக்கு முல்லைத்தீவுப் பக்கத்து அந்தக் கோயிலுக்குப் போனால், தன்பாட்டில் கடற்கரைக்கு நடந்து ஒரு போத்தலில் கடல் தண்ணீர் எடுத்து வருவார். யாரும் சொல்லிக் கொடுத்த வழக்கமல்ல. அவரே வைத்துக்கொண்ட வழக்கம். அது எங்கள் வீட்டின் தீர்த்தம். வெள்ளிக்கிழமை காலையில் தலை முழுகி, விளக்கேற்றி, வேப்பிலைக் கொத்தை அதில் தோய்த்து வீட்டில் பெறுமதியான எல்லாவற்றுக்கும் தெளிப்பார். மண்வெட்டி, மருந்தடிக்கிற மெஷின், ஐயாவின் சைக்கிள், விதைநெல் மூட்டை, கடைசியில் என் தலை. போத்தலைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகிறது என் வேலை. ஆவணியில் ரேடியோ வந்ததும் அதற்கும் ஒரு பங்கு. புதுச் சாமான் என்பதால் இரண்டு பங்கு. ஐயாவும் சின்னையாவும் அந்த நேரம் வயலில் நிற்பார்கள்.

சின்னையா ஐயாவின் ஒரே தம்பி. கலியாணம் கட்டாதவர். எங்களோடு இருந்து ஐயாவின் வயலில் பாடுபட்டவர். அந்த வருடம் தை பிறந்தவுடன் பரந்தனில் காணிக் கச்சேரி நடக்க இருந்தது. காணி இல்லாதவர்களை வரிசையில் கூப்பிட்டு, விசாரித்து, புதுக் காணி கொடுக்கிற இடம். ஏற்கெனவே காணி பெற்று ஒழுங்காகக் கமம் செய்கிற ஒருவர் எழும்பி, "இவன் நல்ல கமக்காரன், நான் பொறுப்பு" என்று சொன்னால் பாதி வேலை முடிந்தமாதிரி. ஐயா சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தார். சின்னையா, கிடைக்கப்போகிற இரண்டு ஏக்கரில் கிணறு எந்த மூலையில் என்பதுவரை எனக்குக் கீறிக் காட்டியிருந்தார். மண்ணில் தடியால்தான்.

மார்கழி பிறந்து நெல் குடலை தள்ளி, கதிர் எறிய இருந்தபோது பன்றிக் காவல் தொடங்கியது. சின்னையா வயல் நடுவில் காவல் கொட்டிலில் படுப்பார். தனிய இருக்க அலுப்பு என்று ஒருநாள் ரேடியோவைக் கேட்டார். ஐயா யோசித்து யோசித்துத்தான் கொடுத்தார். அன்றிரவு நல்ல மழை. விடியப்புறம் சின்னையா ரேடியோவை உரப் பையில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து தட்டில் வைத்தார். ஐயா முடுக்கினார். சத்தமில்லை. பற்றரியை மாற்றினார். சத்தமில்லை. தட்டினார். எங்கள் காலத்து வைத்தியம் அது, உங்களுக்குத் தெரியும். அதற்கும் சத்தமில்லை.

"நனைய விட்டிட்டியே?"

"இல்லை அண்ணை. ஒரு துளி படேல்லை. சத்தியமா. நான்தான் நனைஞ்சனான்."

உண்மைதான். சின்னையாவின் தலையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. அவர் நனைந்ததே ஐயாவுக்குச் சாட்சியாகப் போய்விட்டது.

ஐயா கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தால் நல்லது. மெதுவாகச் சொன்னார். "ஒரு ரேடியோவை நனையாமல் வைச்சிருக்கத் தெரியாதவனுக்குக் காணி எதுக்கு? நான் எழும்பி என்னெண்டு பொறுப்புச் சொல்லுறது? அடுத்த கிழமை சனிக்கிழமை பஸ்சிலை யாழ்ப்பாணம் அக்கா வீட்டை போ. அங்கை புகையிலைத் தோட்டத்துக்கு ஆள் இல்லையாம்."

சின்னையா உரப் பையை உதறி மடித்தார். அம்மா குசினியில் நின்று, "அவர் கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்தானே" என்று சொன்னார். அம்மா சொன்ன அந்த ஒரு வசனத்தை அந்தக் கிழமை முழுவதும் அவரே எவ்வளவு தரம் நினைத்திருப்பார் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

இரண்டு நாள் கழித்து ரேடியோ நானா வந்தார். முல்லைத்தீவுக் கரைப் பக்கத்து முஸ்லிம் ஆள், அவர்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். மாதத்தில் ஒரு கிழமை பரந்தனில் ஒரு கடையில் தங்கி, சைக்கிளின் பின்னால் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கள் பக்கமெல்லாம் வருவார். மணிக்கூடும் திருத்துவார். மாமரத்தின் கீழ் பாயை விரித்து, தோல் உறையைக் கழற்றி, திருகாணிகளை ஒரு சிரட்டையில் போட்டார். மூடியைத் திறந்ததும் வெளிச்சத்துப் பக்கம் சரித்துப் பார்த்தார். பிறகு நகத்தால் உள்ளே எதையோ சுரண்டி நாக்கில் வைத்தார்.

"உப்பு," என்றார்.

ஐயா விளங்காமல் பார்த்தார். நானா பெட்டியைத் திருப்பிக் காட்டினார். செப்புக் கோடுகள் மேலே பச்சைக் களிம்பு. அதற்கு மேலே வெள்ளையாகப் பொரிந்து போயிருந்தது.

"எங்கட கரையிலை ரேடியோவெல்லாம் கடைசியிலை இப்பிடித்தான் வரும் அண்ணை. கடல் காத்து. ஆனா உங்கட பக்கத்துக் காத்துக்கு இவ்வளவு வராதே. இது ஒருநாள் மழையிலை வந்த பழுதில்லை. கன நாளா உப்பு இறங்கியிருக்கு. மழைக் குளிருக்கு அது ஈரத்தைக் குடிச்சுப் பொங்கியிருக்கு."

எனக்கு ஒன்பது வயது. ஒன்பது வயதுக்கு அந்தளவு விளங்கும். நான் அம்மாவைப் பார்த்தேன். தேத்தண்ணி கொண்டுவந்தவர் கோப்பையோடு அப்படியே நின்றார்.

ஐயாவுக்கும் விளங்கியது. ஆனால் அவர் விரும்பியபடி விளங்கியது. "வேர்வை," என்றார். "தலைமாட்டிலை வைச்சுக்கொண்டு கிடந்தவன். வேர்வை உப்பு."

"மார்கழிப் பனியிலை ஆர் அண்ணை வேர்க்கிறது?" என்று சின்னையா கிணற்றடியில் இருந்து கேட்டார்.

"வாய்க்குக் குறைச்சலில்லை," என்றார் ஐயா. அவ்வளவுதான். கன நாள் உப்பு ஒரே இரவில் எப்படி வரும் என்று அவர் யோசிக்கவில்லை. கோபம் வந்த மனிதனுக்கு உப்பும் ஒன்றுதான், மழையும் ஒன்றுதான். யாரைக் குற்றம் சொல்வது என்பது முன்பே முடிவாகியிருந்தது.

நான் குசினிக்குள் அம்மாவின் பின்னால் போனேன். "அம்மா, அம்மாளாச்சியின்ரை தண்ணியும் உப்புத்தானே?"

"வாயை மூடு."

மூடினேன். பயமும் இருந்தது. அம்மாளாச்சியின் தீர்த்தத்தால் ரேடியோ பழுதானது என்று சொன்னால் எனக்கு அம்மாள் வருத்தம் வந்து உடம்பெல்லாம் கொப்பளிக்கும் என்று நம்பினேன். அடுத்த வீட்டுப் பெடியன் ஒருவன் முந்தைய சித்திரையில் வேப்பிலைக்குள் கிடந்ததை நான் பார்த்திருந்தேன்.

வெளியே நானா, "கழுவினால் சரிவரும்," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"எதாலை கழுவுறது?"

"தண்ணியாலை."

அப்போதுதான் ஐயா அந்த முறைப்போடு அந்தக் கேள்வியைக் கேட்டார். நானா கோபிக்கவில்லை. உப்பைத் தண்ணீர்தான் எடுக்கும், வேறெதுவும் எடுக்காது என்றார். ஆனால் இந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் கூடாது. கேத்தலின் அடியில் கல் படிகிற தண்ணீர், உப்பை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பை வைத்துவிடும். மழைத் தண்ணீர் வேண்டும். கூரையில் பட்ட தண்ணீர் அல்ல, வானத்திலிருந்து நேரே விழுந்தது. பிடித்து வையுங்கள், நாலு நாளில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். அவர் படலையைத் தாண்டியதும், "மழையிலை பழுதானதுக்கு மழையே மருந்தாம். நல்ல ஏமாத்துக்காரன்," என்றார் ஐயா.

அந்த நேரம் பார்த்து மழை நின்றுவிட்டது. மார்கழியில் அப்படி வெயில் எறித்ததை நான் கண்டதில்லை. அம்மா சீதனமாகக் கொண்டுவந்த பித்தளை அண்டாவைப் புளி போட்டு மினுக்கி, முற்றத்தின் நடுவில் வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு திரிந்தார். சின்னையா தன் சாமான்களை எண்ணத் தொடங்கியிருந்தார். எண்ணுவதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் ஒரு பாட்டம் மழை வந்தது. அண்டா மெதுவாகத்தான் நிறைந்தது. உதவி செய்கிறேன் என்று நினைத்து நான் அதை இழுத்துத் தாழ்வாரத்தின் கீழ் வைத்தேன். கிடுகுக் கூரையிலிருந்து கொட்டி நொடியில் நிறைந்தது. தேத்தண்ணி நிறத்தில். அம்மா ஓடிவந்து பார்த்தார். என்னை அதுவரை கைநீட்டி அடிக்காதவர், காதைப் பிடித்துத் திருகிய திருகில் எனக்குக் கண்ணில் பூச்சி பறந்தது. பிறகு அண்டாவைக் கவிழ்த்து, துடைத்து, நடு முற்றத்தில் வைத்து, மழை விடும்வரைக்கும் அதன் பக்கத்திலேயே நனைந்துகொண்டு நின்றார். அன்று எனக்கு அழுகை. ஒரு ரேடியோவுக்காக என் காதைத் திருகினாரே என்று. ரேடியோவுக்காக அல்ல என்பது எனக்கு விளங்க இன்னும் சில நாள் வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமையே நானா வந்துவிட்டார். மழையைக் கண்டுதான் வந்தேன் என்றார். ஒலிபெருக்கிக் கடதாசியைத் தனியே கழற்றி வைத்தார், அது நனையக்கூடாதாம். தகட்டை அண்டாத் தண்ணீரில் தாழ்த்தி, கோழி இறகாலும் பழைய பல்லுத் தூரிகையாலும் மெல்ல மெல்லத் தேய்த்தார். ஐயா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"செத்ததைக் குளிப்பாட்டுறியள் போலை. வாய்க்கரிசியும் போடுங்கோவன்."

நானா சிரித்தார். மூன்று தண்ணீர் மாற்றினார். ஒவ்வொரு தரமும் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தார். மூன்றாம் தரம் உப்பு இல்லை என்றார். அடுப்பு மேலே காயவைக்கட்டோ என்று அம்மா கேட்டபோது, வேண்டாம், உள்ளே மெழுகு இருக்கு, உருகும், காற்றுத்தான் நல்லது என்றார். ஆகவே எங்கள் ரேடியோவின் குடல் இரண்டு நாள் கொடியில் தொங்கியது. ஒரு பக்கம் ஐயாவின் சாரம், மறுபக்கம் என் பள்ளிக்கூடச் சட்டை. வரம்பால் போனவர்கள் நின்று பார்த்து, "என்ன, ரேடியோவுக்கும் தோய்ச்சலோ?" என்று கேட்டார்கள். ஐயா அந்த இரண்டு நாளும் வயலை விட்டு வீட்டுக்கு வரவே கூச்சப்பட்டார்.

வியாழக்கிழமை காலையிலேயே நானா வந்து, அம்மாவின் அடுப்புத் தணலில் கம்பியைச் சூடாக்கி, அறுந்திருந்த இடத்தில் ஈயம் வைத்தார். குங்கிலியம் மாதிரி ஒரு புகை மணம். எல்லாவற்றையும் பூட்டி, சிரட்டையில் ஒரு திருகாணிகூட மிஞ்சவில்லை என்று எனக்குக் காட்டிவிட்டு முடுக்கினார். முதலில் மணல் கொட்டுகிற மாதிரி ஒரு இரைச்சல். பிறகு அந்தக் குரல். இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை.

ஐயா தலையைச் சரித்து நின்று கடைசிப் பெயர் வரைக்கும் கேட்டார். எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லை. அவர் கண் கலங்கியிருந்தது. அந்த ஒரு கிழமையும் யாராவது போயிருப்பார்களோ, தான் மறுபடியும் பிந்திவிட்டேனோ என்று அவர் பயந்துகொண்டே இருந்திருக்கிறார். அதை எங்களிடம் சொல்லத் தெரியாமல்தான் தம்பியில் பாய்ந்தார். இதெல்லாம் இப்போது விளங்குகிறது. அன்று ஐயா எனக்குக் கல்.

"நானா, உங்களை நான் பிழையா நினைச்சிட்டன்," என்றார். பெரிய விஷயம்தான். நான் சின்னையாவைப் பார்த்தேன். சின்னையா ஐயாவைப் பார்த்தார்.

"சரி. ரேடியோ வேலை செய்யுது. அதுக்காக நனைஞ்சது நனையாமல் போகாது. சனிக்கிழமை பஸ் நேரத்துக்கு வெளிக்கிடு," என்றார் ஐயா தம்பியிடம்.

நானா கை கழுவக் கிணற்றடிக்குப் போனார். அம்மா தண்ணீர் ஊற்றினார். நானா வாசலால் தெரிந்த சாமித் தட்டையும் தீர்த்தப் போத்தலையும் ஒருதரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அக்கா, இனிமேல் இதுக்குக் கிட்டக் கடலைக் கொண்டு வராதேங்கோ," என்றார். அம்மா தலையை ஆட்டினார்.

ஐயா ஏமாற்றுக்காரன் என்று சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கும். உப்பு எங்கிருந்து வந்தது என்று ஒரு சொல் சொல்லித் தன் பக்கத்தைக் காட்டியிருக்கலாம். இன்னொருவர் சாமி விஷயம், வீட்டு அம்மாவின் விஷயம் என்று அதை அம்மாவின் கையிலேயே விட்டுவிட்டுப் போனார். அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது. பிற்காலத்தில் வடக்கின் முஸ்லிம் சனம் ஊரைவிட்டுப் போகவேண்டி வந்தபோது நான் முதலில் நினைத்தது அந்தத் தகரப் பெட்டியை.

வெள்ளிக்கிழமை விடிந்தது. அம்மா தலை முழுகினார், விளக்கேற்றினார், போத்தலைத் தொடவில்லை. பூவரசம் இலையில் சுற்றி வாழைநாரால் கட்டிய இரண்டு பொட்டலங்களை அம்மாளாச்சியின் முன் வைத்தார். பூக் கட்டிப் பார்க்கிறது உங்களுக்குத் தெரியும்தானே. ஒன்றில் வெள்ளை நந்தியாவட்டை, ஒன்றில் சிவப்புச் செவ்வரத்தை. மனதில் ஒரு கேள்வியை வைத்து ஒரு பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள்.

"வெள்ளையெண்டால் சரி. சிவப்பெண்டால் வேண்டாம்," என்றார் அம்மா.

"எது சரி?"

"நீ எடு."

இடப் பக்கத்தில் இருந்ததை எடுத்தேன். அம்மா நாரை அவிழ்த்தார். நந்தியாவட்டை. அம்மா அம்மாளாச்சியைக் கும்பிட்டு, ஈரத் தலையை முடியாமலே முற்றத்துக்கு இறங்கினார். ஐயா சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்கோ. ரேடியோவுக்கை உப்புப் போனது என்னாலை. வெள்ளிக்கு வெள்ளி நான்தான் தீர்த்தம் தெளிச்சனான். உங்கட தம்பி அதை நனைக்கேல்லை."

ஐயாவின் கையிலிருந்த துணி நின்றது. பிறகு, "அப்ப உன்ரை அம்மாளாச்சிதான்..." என்று தொடங்கினார்.

"தெளிச்சது நான். பழுதாக்கினது கடல் தண்ணி. அம்மாளாச்சியை இதுக்கை இழுக்காதேங்கோ," என்றார் அம்மா. "நாளைக்குப் பஸ்சிலை ஆரையும் அனுப்பத்தான் வேணுமெண்டால் என்னை அனுப்புங்கோ."

ஐயாவிடம் அம்மா இப்படிக் கதைத்ததை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. ஐயா துணியை உதறிக் கொடியில் போட்டார். உள்ளே போய் ரேடியோவை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வரம்பில் இறங்கினார். நான் பின்னால் ஓடினேன். நெல்லில் பனி. கால் முழுக்க நனைந்தது. ஐயா ரேடியோவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார்.

கொட்டிலில் சின்னையா சாரத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். ஐயா கூரையைத் தாங்கிய கப்புக் கம்பில் இருந்த ஆணியில் ரேடியோவைக் கொழுவினார்.

"இது இனி இஞ்சை இருக்கட்டும். வீட்டிலை வைச்சால் பழுதாகுது."

சின்னையா ஐயாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் நாளைக்குப் போறன்தானே அண்ணை."

"நீ போனால் ஆர் பண்டி கலைக்கிறது? பைக்குள்ளை இருக்கிற வெள்ளை வேட்டியை எடுத்துத் தோய்ச்சு வை. காணிக் கச்சேரிக்குச் சாரத்தோடை வந்து என்ரை மானத்தை வாங்காதை."

எங்கள் ஐயாவுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்தது அவ்வளவுதான். சின்னையாவுக்கு அது போதுமாயிருந்தது. காணிக் கச்சேரியில் ஐயா எழும்பிப் பொறுப்புச் சொன்னார். இரண்டு ஏக்கர் கிடைத்தது. அந்தப் போகம் முடியும்வரைக்கும் ஐயா ஒவ்வொரு காலையும் மரண அறிவித்தல் கேட்கத் தம்பியின் கொட்டிலுக்கு நடந்தார். தேத்தண்ணியும் அங்கேயே போனது, போத்தலில், நான் கொண்டுபோனேன்.

அந்த ரேடியோ எந்த இடப்பெயர்வில் தவறியது என்று இப்போது ஒருவருக்கும் தெரியாது. பித்தளை அண்டாவை மாமரத்தின் கீழ் புதைத்துவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது மாமரமும் இல்லை.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமையில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. நான் வயலிலிருந்து திரும்பி வந்தபோது வீட்டில் சத்தமில்லை. சாமித் தட்டில் மற்றப் பொட்டலம் அப்படியே கிடந்தது. செவ்வரத்தையைக் காதில் செருகலாம் என்ற ஆசையில் எட்டி எடுத்து நாரை அவிழ்த்தேன்.

உள்ளே நந்தியாவட்டை.

திரும்பிப் பார்த்தால் அம்மா குசினி வாசலில் நிற்கிறார். அந்தக் கிழமை முழுவதும் நான் அம்மாவைப் பயந்தாங்கொள்ளி என்று மனதுக்குள் திட்டியிருந்தேன். வாயை மூடு என்றாரே, சின்னையா போகப்போகிறாரே என்று. அம்மாவுக்குப் பயம் ஐயாவிடம் இல்லை. அம்மாளாச்சி சிவப்பைக் காட்டிவிடுவாளோ என்றுதான். அதனால் சிவப்பையே வைக்கவில்லை.

அம்மா வந்து பூவை என் கையிலிருந்து வாங்கினார். என் காதில், தான் திருகிய அதே காதில், செருகினார். படத்தை ஒருதரம் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, குனிந்து மெதுவாகச் சொன்னார்.

"அம்மாளாச்சிக்குச் சொல்லிப்போடாதை."

அம்மா போய்ப் பதினைந்து வருடமாகிறது. வோஷிங் மெஷின் இப்போது சுற்றுகிறது. வெள்ளிக்கு வெள்ளி நானும் அம்மாளாச்சிக்கு விளக்கேற்றுகிறேன், கும்பிடுகிறேன், எல்லாக் கதையும் சொல்கிறேன். இதை மட்டும் நான் இன்னும் அவளுக்குச் சொல்லவில்லை.